தெய்வசிகாமணியின் கால் பட்ட கழுத்துகள்

தெய்வசிகாமணி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வயது வரை ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அந்தக் காலுக்குத்தான். தலைக்கு யாரும் மரியாதை கொடுத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் பாப்பாத்தி அம்மாள் சுத்தமாகக் கொடுக்கவில்லை.

ரிஷிவந்தியத்திலிருந்து நடந்தே போய்விடக் கூடிய ஊர் அவருடையது. இரண்டு ஏக்கர் கரும்பு, அரை ஏக்கர் மரவள்ளி, ஒரு கிணறு, கிணற்றில் பாதி நாள் தண்ணீர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பெயர் வாங்க முடியாது. ஆனால் கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அதனால் சங்கராபுரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைக் கோணிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். மிதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவர் வாசலில் சாக்கு விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். தெய்வசிகாமணி வலது காலைக் கழுவிக்கொண்டு வருவார். இடுப்பு என்றால் மூன்று மிதி. கழுத்து என்றால் குதிகாலை ஊன்றி ஒரு வெட்டு. ‘களுக்’ என்று சத்தம் வந்தால் சுளுக்கு போனதாக அர்த்தம். வராவிட்டால் வருகிற வரைக்கும் வெட்டு. காசு வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மிதி வாங்கியவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய்விட வேண்டும். “போய்ட்டு வரேன்” என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் போன சுளுக்கும் அவரோடு போய்விட்டு வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வினோதம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மிதிபட்டவர் பிறகு என்ன ஆனார் என்று தெய்வசிகாமணிக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆட்களின் முகமும் அவ்வளவாகத் தெரியாது. வரும்போது குனிந்தபடி வருவார்கள், வந்ததும் குப்புறப் படுப்பார்கள், போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். தாலுகா ஆபீஸ் பியூனை வழியில் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. ஆனால் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றால், இடது தோளுக்குக் கீழே இருக்கும் மச்சத்தைப் பார்த்துவிட்டு, “அட, நீயா!” என்பார்.

இன்னொன்று இருக்கிறது. அதை அவர் யாரிடமும் பேசுவதில்லை. அவர் கால் முன்னால் வந்ததில் அவருடைய அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். அத்தைதான் வளர்த்தாள். ஊரே தொட்டுக் கும்பிடுகிற காலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வரும். ஒரு உயிரை எடுத்த கால் இது, பத்து உயிருக்காவது வலியைப் போக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் மிதிப்பார். இது பாப்பாத்தி அம்மாளுக்கே தெரியாது.

போன ஆடியில் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது தலை தொங்கத் தூங்கியதில் அவருக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது.

யாரிடம் போவது? இப்போதெல்லாம் கால் முன்னால் வரப் பார்த்தாலே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்த இனமே அருகிவிட்டது. சமவெளியில் எட்டுத் திசையிலும் தேடினால் அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரம் யோசித்தார். கால் என்னவோ வீட்டில்தானே இருக்கிறது, எட்ட வைப்பதுதானே பாக்கி என்று தோன்றியது. மனிதனுக்கு இந்த மாதிரி யோசனை வரும்போது பக்கத்தில் யாராவது இருந்து தடுக்க வேண்டும். பாப்பாத்தி அம்மாள் இருந்தாள். அவளும் தடுக்கவில்லை.

அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிவிட்டு உள்ளே வந்தபோது அவர் கூடத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் வளைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது கோலம்?”

“பேசாத. எட்டுதா பாரு.”

“எது எட்டுதா?”

“குதிகாலு. கழுத்துல படுதா பாரு.”

“ஒரு சாண் கீது.”

“நின்னு பாத்துக்கினு இருக்கியே, அமுக்கேன்.”

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்டது, இவரோடு வாதாடுவதைவிடச் சொன்னதைச் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவது நல்லது என்பதுதான். இரண்டு கையாலும் காலைப் பிடித்து அமுக்கினாள். களுக்.

“போய்டுச்சு!” என்றார் தெய்வசிகாமணி. பிறகு முறைப்படி எழுந்து, திரும்பிப் பார்க்காமல், தன்னிடம் தானே சொல்லிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டிக் கரும்புக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சுளுக்கு போகவில்லை. மறுநாள் இடது பக்கம் கழுத்திலிருந்து நெற்றிவரை சுள்ளென்று வலித்தது. அதற்கு மறுநாள் இடது கண் இமை பாதி இறங்கிவிட்டது. “தூக்கம் வந்தா படுங்களேன், எதுக்கு அரைக் கண்ணுல உக்காந்துக்கினு?” என்றாள் பாப்பாத்தி அம்மாள். தன் கால் தனக்குப் பலிக்காது, வேறொரு காலைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில், அப்படி ஒரு கால் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பெயர் சந்தியா. வயது இருபத்தேழு. மலையிலேயே பிறந்த பெண், அங்கே அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலை ஏறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, சுகாதார நிலையத்தின் நடையில், சீட்டு வாங்க நிற்பவர்களின் காலடியில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

சந்தியா வந்து பார்த்தாள். அவளுக்கு இது புதிதல்ல. மிதி வாங்க வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் மாத்திரை கொடுப்பாள், அப்புறம் இடுப்பில் பூப்போல ஒரு முறை கால் வைப்பாள். கால் வைக்காவிட்டால் மாத்திரையை விழுங்க மாட்டார்கள்.

“இடுப்பாங்க?”

“கழுத்தும்மா.”

“கழுத்த நான் மிதிக்க மாட்டேன். எழுந்து மூஞ்சியக் காட்டுங்க.”

“மூஞ்சி எதுக்கும்மா? வலி பின்னாடில்ல கீது.”

“காட்டுங்கன்றேன்.”

எழுந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தாள். டார்ச் எடுத்து வந்து ஒவ்வொரு கண்ணாக அடித்துப் பார்த்தாள். இமை இறங்கிய கண்ணில் கண்மணி சின்னதாக, மற்றதில் பெரிதாக இருந்தது. அவள் குரல் மாறிவிட்டது.

“கழுத்துல யாராச்சும் நெட்டி எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க.”

“யாரு?”

“நான்தான்.”

“எதால?”

“காலாலதான்.”

சந்தியா சீட்டில் எழுதினாள்: ‘நோயாளி தன் கழுத்தைத் தானே உதைத்துக்கொண்டார். இடது இமை இறங்கியுள்ளது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைப் பார்க்கவும். அவசரம்.’ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு மலையிறக்கிவிட்டாள். ஒரு மிதி மிதித்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை என்று அவர் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டே வந்தார்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயசுதா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு நோயாளியின் காலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், நடுவில் இருக்கிற தூரத்தைப் பார்த்தார். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேன் அறையில் தகராறு. நடுவில் குகை மாதிரி ஓட்டை வைத்த பெரிய இயந்திரம். முன்னால் நீளமாக ஒரு பலகை. அதில் படுக்கச் சொன்னார்கள்.

“கால மொதல்ல உட்டுடுங்க” என்றார் தெய்வசிகாமணி.

“தலதான்யா மொதல்ல போவணும்” என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

“நான் கால் முன்னால வந்து பொறந்தவன். எனக்குத் தலைய மொதல்ல உட்டுப் பழக்கம் இல்ல.”

“வலி கால்ல இருந்தா கால மொதல்ல அனுப்பலாம். இப்ப படுங்க.”

படுத்தார். தலை முதலில் போயிற்று. உள்ளே போர்வெல் போடுகிற லாரியும் மாவு மில்லும் ஒன்றுக்கொன்று சண்டை போடுவதுபோல் சத்தம். நிஜமாகவே பயந்துபோனார். தலை வழியாக ஒரு இடத்துக்குள் போவது இவ்வளவு சங்கடமா, ஊரில் எல்லாரும் இப்படித்தான் பிறந்தார்களா என்று ஆச்சரியப்பட்டார்.

படம் வருவதற்குள் பாப்பாத்தி அம்மாளும் சேதி கேட்டு வந்து சேர்ந்துவிட்டாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு வட்டம். அதற்குள் கறுப்பாக ஒரு பொட்டு, பொட்டை ஒட்டி வெள்ளையாக மெல்லிய பிறை.

“இந்தக் கறுப்புதான் மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய். அதோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா ரத்தம் சுவருக்குள்ள புகுந்து தேங்கிடுச்சு. இந்த வெள்ளைப் பிறை அதுதான்.”

பாப்பாத்தி அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அமுக்கிய கை அவளுடையதல்லவா. “தையல் போடணுங்களா?” என்றாள்.

“வேண்டாம்மா. முக்கால்வாசி தானாவே ஆறிடும். அங்கேருந்து ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போயிடாம மாத்திரை தர்றேன். மூணு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பாக்கணும்.”

“பாத்து?”

“ஆறிடுச்சான்னு பாக்கணும்.”

“ஆறலன்னா?”

“மறுபடி பாக்கணும்.”

“பாக்கறதுதான் வைத்தியமா?” என்றார் தெய்வசிகாமணி.

டாக்டருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. “வைத்தியம் பண்ணினா ஆள் என்ன ஆனாருன்னு பாக்க வேண்டாமா? நீங்க பாக்க மாட்டீங்களா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “இனிமே உங்க கழுத்த யாரும் தொடக் கூடாது. நீங்களும் யார் கழுத்தையும் தொடாதீங்க. வெடுக்குன்னு திருப்பினா யாருக்கு வேணும்னாலும் இந்தக் கிழிசல் வரலாம். பக்கவாதம் வரும். உயிரே போகலாம்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்கு அப்புறம் தெய்வசிகாமணிக்கு எதுவும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைப் பரண்மேல் வைத்துவிட்டு, விரலை மடக்க ஆரம்பித்தார். இடுப்புகளை விட்டுவிட்டார், அவை கணக்கில்லை. கழுத்துகளை மட்டும் ஒவ்வொரு முதுகாக ஞாபகப்படுத்தினார். நாற்பத்தொன்று தேறியது. நாற்பத்தொரு களுக். நாற்பத்தொரு பேரும் சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள். அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? அம்மாவோடு சேர்த்து இந்தக் கால் எத்தனை பேரை எடுத்திருக்கிறது? தன் கழுத்தில் இருக்கும் கிழிசல் ஆறுமா ஆறாதா என்பதை அவர் அன்றே மறந்துபோனார். மூன்று மாதமும் அவர் மனதில் இருந்தது மற்றவர் கழுத்துகள்தான்.

மறுநாளே கிளம்பிவிட்டார். கழுத்தைத் திருப்பக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்து முழுசாகத் திரும்புவார், பெட்டியைத் திருப்பி வைக்கிற மாதிரி. ஊர் ஊராகப் போய் விசாரித்து, மிதி வாங்கியவரை வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கத்தில் வந்து கண்ணையே உற்றுப் பார்ப்பார். இமை இறங்கியிருக்கிறதா, கண்மணி இரண்டும் ஒரே அளவா. ஆள் சரிதானா என்று சந்தேகம் வந்தால், “கொஞ்சம் சட்டையக் கழட்டித் திரும்புங்க” என்பார். ஒரு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கேசரி கிண்டிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் கண் வைக்கிறார் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நாலைந்து பேர், வந்ததுதான் வந்தீர்கள், லேசாகக் கழுத்து வலிக்கிறது, ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போங்கள் என்று அவர் முன்னால் குப்புறப் படுத்தே விட்டார்கள். அவர்களைத் தாண்டிக் குதித்து ஓடி வர வேண்டியதாயிற்று. அதையும் கழுத்தை அசைக்காமல்.

பால் சொசைட்டி பிச்சைமுத்து வீட்டில்தான் விஷயம் எல்லை மீறிப் போனது. அவர் மனைவி பெரியம்மாள் வாசலில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் இல்லீங்களா?”

“அவரு போயி ரெண்டு வருசம் ஆவுதே, தெரியாதா?”

தெய்வசிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டார். “எப்பிடி? கை கால் இழுத்துக்கிச்சா? கண்ணு இறங்குச்சா?”

“கண்ணு இன்னாத்துக்கு இறங்குது? மாடு முட்டிச் செத்தாரு.”

“மாடு முட்டியா?”

“கொம்பு வவுத்துல பூந்துடுச்சு.”

“அப்பாடா!” என்றார் தெய்வசிகாமணி. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மனசார, வாய் நிறைய. “நல்லதாப் போச்சும்மா. நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்.”

பெரியம்மாள் மல்லாட்டைக் கூடையோடு எழுந்து வந்தாள். அன்றைக்கு அவர் எப்படி அந்தத் தெருவைக் கடந்தார் என்பதை விவரிக்காமல் விடுவதுதான் அவருக்கு மரியாதை.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் நாற்பது கழுத்து பார்த்தாயிற்று. முப்பத்தாறு பேர் நன்றாக இருந்தார்கள். நான்கு பேர் இறந்திருந்தார்கள். மாடு ஒன்று, கிணறு ஒன்று, சாராயம் ஒன்று, வயது ஒன்று. ஒன்றுக்கும் கால் பொறுப்பில்லை. அவருக்குக் கொஞ்சம் சோறு இறங்க ஆரம்பித்தது. கடைசிக் கழுத்து கள்ளக்குறிச்சி பஷீர் அகமது பாயுடையது. அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், பாயைத்தான் மாதம் நாலு தடவை பார்க்கிறாரே.

கடைவீதியில் பாய் வைத்திருப்பது கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தார்ப்பாய்ச் சுருளைத் தலையில் வைத்து இறக்கும்போது பிடித்துக்கொண்ட கழுத்துக்கு மிதி வாங்க வந்தார். முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார். ஒரு வாரம் கழித்து தெய்வசிகாமணி கயிறு வாங்கப் போன இடத்தில் அந்த முதுகை அடையாளம் கண்டு பழக்கமாகிவிட்டது. அதிலிருந்து டவுனுக்கு வந்தால் பாய் கடை பெஞ்சில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் போவதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியே பேசுவார்கள். ரோட்டில் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அன்று அவசியம் வந்தது. தெய்வசிகாமணி பெஞ்சில் உட்காராமல் எதிரே வந்து நின்றார்.

பாயின் இடது இமை பாதி இறங்கியிருந்தது.

“இன்னாண்ணே, அப்பிடி பாக்கறீங்க?” என்றார் பாய்.

தெய்வசிகாமணி கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வீடு ஏறி இறங்கித் தேடிய குற்றம், பதினைந்து வருஷமாகத் தன் தோளை உரசிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. அன்று இரவு சாப்பிடவில்லை. பாப்பாத்தி அம்மாள் திட்டியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் அவர் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னார். “எங்கம்மாள கொன்னது என் காலு. பாயையும் அதுதான் கெடுத்துடுச்சு.” அவள் அதற்குப் பிறகு திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்கேன் நாள் வந்தது. பாய் மாட்டேன் மாட்டேன் என்றுதான் சொன்னார். எனக்கு என்ன கேடு, கடையை யார் பார்ப்பது என்றார். தெய்வசிகாமணி கடை வாசலில் நின்று அழுதுவிடுவார்போல இருந்ததால் பாயின் மனைவி நூர்ஜகான் ஷட்டரை இழுத்து மூடி அவரையும் கிளப்பிக் கூட வந்தாள். பாப்பாத்தி அம்மாளோடு நாலு பேராக டாக்டர் ஜெயசுதாவின் அறைக்குள் நுழைந்தார்கள்.

“எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“நான் கெடக்கறேன், மொதல்ல பாயப் பாருங்க. பதினஞ்சு வருசத்துக்கு முந்தி நான்தான் கிழிச்சேன்.”

டாக்டர் பாயை உட்கார வைத்து டார்ச் அடித்தார். இந்தக் கண், அந்தக் கண். பிறகு மறுபடி இந்தக் கண்.

“கண்மணி ரெண்டும் ஒரே அளவாத்தான் இருக்கு. இந்த இமை எப்பலேருந்து இப்படி இருக்கு?”

“எந்த எமை?” என்றார் பாய். “நான் கண்ணாடில தாடிய மட்டுந்தாம்மா பாப்பேன்.”

“பழைய போட்டோ ஏதாவது இருக்கா? கல்யாண போட்டோ?”

நூர்ஜகான் செல்போனில் தேடி எடுத்தாள். தொண்ணூற்று நாலாம் வருஷத்து நிக்காஹ் படம். நடுவில் மாப்பிள்ளை. தலையிலிருந்து மார்புவரை மல்லிகைச் சரம் தொங்கியது. சரத்துக்குப் பின்னால் பஷீர் அகமதுவும் இருக்கலாம், யாரும் இருக்கலாம். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மல்லிகை பெரிதாயிற்று.

“இதுல பூதாங்க தெரியுது” என்றார் தெய்வசிகாமணி. “போச்சு. சாட்சியே இல்ல.”

“நான் கீறேனே சாட்சி” என்றாள் நூர்ஜகான். கொஞ்சம் தயங்கி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “டாக்டரம்மா, அன்னிக்கு அந்தப் பூவ விலக்கினது நான். மொத மொதல்ல அந்த மூஞ்சியப் பாத்ததும் நான். இவரு ஒரு கண்ண அரையா மூடிக்கினு என்னப் பாத்தாரு. வந்த அன்னிக்கே கண்ணடிக்கிறானே, இவன் இன்னா ஆளோன்னு எனக்கு ஆத்திரம். ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாம் நாள் தூங்கி எழுந்தும் அடிச்சிக்கினே கெடந்தாரு. அப்பதான் மாமியார் சொன்னாங்க, பொறந்தப்பவே அப்பிடித்தான்னு.”

“இதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே!” என்றார் பாய்.

“சொன்னா அப்புறம் வேணும்னே அடிப்பீங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். “பிறவியிலயே தொங்கின இமை. இதுக்கும் உங்க காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அய்யா.”

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நாற்பத்தொன்றாவது கழுத்தும் தப்பித்துவிட்டது. ஐம்பத்தெட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகைக்கு ஆஸ்பத்திரி அறை போதவில்லை. அழும்போதும் கழுத்தை ஆட்டாமல் நேராக வைத்துக்கொண்டே அழுதார், டாக்டர் சொல் மீறக் கூடாதென்று.

பிறகு அவரை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை தகராறு இல்லை. சொன்னபடி படுத்தார், தலை முதலில் போயிற்று. பாய்க்கு வேடிக்கை பார்க்க ஆசை. கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் கடைசிவரை நின்றார்.

படத்தில் கறுப்புப் பொட்டு இருந்தது, பிறை இல்லை. கிழிசல் தானாகவே மூடிக்கொண்டுவிட்டது. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாப்பாத்தி அம்மாள் இரண்டையும் தொட்டுக் கும்பிட்டாள். இடுப்பை மட்டும் மிதிக்கலாமா என்று தெய்வசிகாமணி கேட்டார். டாக்டர் முறைத்தார். அப்புறம், வெள்ளிமலையில் சந்தியா செய்கிற மாதிரி மாத்திரை கொடுத்துவிட்டுச் சும்மா கால் வைப்பதாயிருந்தால், ஒரு வாரம் கழித்து ஆளைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதாயிருந்தால், தனக்குத் தெரியாமல் செய்துகொள்ளலாம் என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நாலு டீ சொன்னார்கள். பெண்கள் இருவரும் நாற்காலியில் உட்கார, ஆண்கள் வழக்கம்போல் பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பாதி டீ குடித்ததும் பாய் சொன்னார்.

“ஒண்ணு கவனிச்சீங்களா அண்ணே? அந்த மெஷினுக்குள்ள தலதான் மொதல்ல போச்சு. ஆனா வெளிய வந்தப்ப பாத்தேன், காலுதான் மொதல்ல வந்துச்சு. அப்பறம்தான் மத்ததெல்லாம்.”

தெய்வசிகாமணி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து, உடம்போடு முழுசாகத் திரும்பி, பாயின் முகத்தைப் பார்த்தார்.

“காலு மொதல்ல வந்துச்சா?”

“ஆமாண்ணே.”

“யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

“யாருக்கு இன்னா ஆவும்?” என்றார் பாய். “மெஷினு நல்லாத்தான் கீது.”

தெய்வசிகாமணி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் இன்னொரு டீ சொன்னார்.